முள் ஏறாத வண்டி

ஜனவரி 3, சனி

எனக்கு எழுத்து தெரியாது. கைநாட்டுத்தான். நான் சொல்லச் சொல்ல மருமகள் தவமணி எழுதுகிறாள்.

நேற்றுத்தான் குழந்தையைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்து ஊட்டி மலையில் இருக்கிற எங்கள் மட்டக்கொரைக்குக் கொண்டுவந்தோம். எட்டு மாதம்கூட நிரம்பாமல் அவசரப்பட்டு வந்த பெண் பிள்ளை. என் உள்ளங்கையில் தலையை வைத்தால் கால் முழங்கைக்கு எட்டவில்லை. என்ன குடித்தாள், எத்தனை தடவை நனைத்தாள், பாதம் சூடா சில்லிப்பா என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லி நர்ஸம்மா அனுப்பினார். தவமணி பகலில் அசந்து தூங்கும்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு எழுதி வைக்கத் தேவையில்லை, காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் தலையில் அப்படியே நிற்கும். சாயங்காலம் ஒப்பித்துவிடுவேன். "பக்கம் பாதி சும்மாக் கிடக்கு, நீங்களும் ஏதாச்சும் சொல்லுங்க மாமா" என்றாள். பெட்டிக்குள் பூட்டி வைத்த பேச்சா என்ன, சொல்கிறேன்.

பிள்ளைக்குச் சூடு குறையக்கூடாது. அதுதான் ஒரே சட்டம். துணி சுற்றினால் போதாதாம், மேலோடு மேலாக நெஞ்சில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். தவமணி குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் என் முறை. சட்டையைக் கழற்றிவிட்டு, பிள்ளையை நெஞ்சில் படுக்கவைத்து, மேலே கம்பளி. என் நெஞ்சு மயிர் அவள் மூக்கில் ஏறித் தும்முகிறாள். சவரம் பண்ணிக்கொள்ளச் சொல்கிறான் என் மகன் ரவீந்திரன். வயசான காலத்தில் இது வேறு.

பதிமூன்றாம் தேதி திரும்பவும் கோயம்புத்தூர் போக வேண்டும். கண் டாக்டர் பார்க்கணும். குறைமாசப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள் இருக்கும் நரம்பு தாறுமாறாக வளருமாம். போன தடவை பார்த்தபோது "இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது, தேதி தவறாம வாங்க" என்றாராம்.

குடித்தது எட்டு தடவை. நனைத்தது ஆறு. பாதம் சூடு.

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் முட்டைக்கோஸ் பாத்தி முழுக்க வெள்ளை. உறைபனி. குடத்துத் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஏடு. உடைத்துத்தான் மொண்டேன். பாதம் சூடு.

ஜனவரி 5, திங்கள்

ரவீந்திரன் டாக்சி ஓட்டுகிறான். வண்டி பழைய டீசல் கார். டிசம்பர் கடைசியில், தவமணி ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, பர்லியாருக்குக் கீழே அது கொதித்து நின்றுவிட்டது. மேட்டுப்பாளையத்தில் மாசிலாமணி என்பவர் பட்டறையில் ரேடியேட்டர் ஓட்டையை அடைத்து, தண்ணீர் பம்பையும் ரப்பர் குழாய்களையும் மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் வண்டி கொதிக்கவே இல்லை. மீட்டரில் சூடு காட்டும் முள் கீழேயே கிடக்கிறது. ரவீந்திரனுக்கு அதில் பெருமை. மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு முள் கீழே கிடந்தால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி.

இன்றைக்கு விடியலில் ஊட்டியில் இருந்து ஒரு குடும்பத்தைக் கீழே இறக்கப் போனான். ஹீட்டரைப் போட்டால் பச்சைத் தண்ணீர் மாதிரி காற்று வருகிறதாம். முன் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்து ரோடே தெரியவில்லையாம். துடைக்கத் துடைக்கப் படிகிறது. கடைசியில் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டி ஓட்டியிருக்கிறான். பின்னால் இருந்த அம்மாள் அவனை வாழ்த்தவில்லை.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. பதிமூன்றாம் தேதியும் விடியலில்தான் புறப்பட வேண்டும். டாக்டர் வாரத்தில் ஒரு நாள், காலையில்தான் வருகிறார்.

ஜனவரி 6, செவ்வாய்

ரவீந்திரன் யாரிடமோ போனில் கேட்டுவிட்டு, குழாய்க்குள் காத்து அடைத்திருக்கும் என்றான். ரேடியேட்டரைப் பிரித்து மாட்டினால் அப்படி ஆகுமாம். ஹீட்டர் என்பது தனியாக ஒன்றும் இல்லையாம். எஞ்சினில் சுடுகிற தண்ணீர்தான் ஒரு சின்னக் குழாய் வழியாக டாஷ்போர்டுக்கு அடியில் போய்ச் சுற்றி வருகிறது. நடுவில் காத்து நின்றால் தண்ணீர் போகாது.

வண்டியின் மூக்கை மேட்டைப் பார்க்க நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுக்கத் திருகி, எஞ்சினை ஓடவிட்டான். மாட்டின் மடியைப் பீச்சுகிற மாதிரி ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கிவிட்டான். குளுக் குளுக் என்று குமிழி வந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு காத்து" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பச்சை நிறக் கூலண்ட்டை ஊற்றி மூடினான். ஹீட்டரில் கையை வைத்தேன். வெதுவெதுப்பு இருந்தது. சுடவில்லை. வெதுவெதுப்பு.

குடித்தது எட்டு. பாதம் சூடு. தவமணிக்கு வயிற்றுத் தையல் வலி.

ஜனவரி 7, புதன்

ஒன்றும் இல்லை. பனி கூடுதல்.

ஜனவரி 8, வியாழன்

காளியம்மன் கோயில் மேடு வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்று ரவீந்திரன் என்னையும் ஏற்றிக்கொண்டான். ஏறும்போது ஹீட்டர் நன்றாக வந்தது. என் முட்டிக்கு இதமாக இருந்தது. மேட்டில் நிறுத்தித் துன்னூறு பூசிக்கொண்டோம். "சரியாயிடுச்சுப்பா" என்று தவமணிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

இறங்கும்போது நான் கையை எடுக்காமல் ஹீட்டர் காற்று வருகிற ஓட்டையிலேயே வைத்திருந்தேன். பாதி வழியில் சூடு குறைந்தது. வீட்டு வாசலுக்கு வரும்போது சில்லென்று வந்தது. சொன்னேன். தான் திருகிக் குறைத்துவிட்டதாகச் சொன்னான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவன் கை அங்கே போகவில்லை.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கும் வண்டி ஏறித்தான் வந்தது. அன்றைக்கு வெதுவெதுப்பு. திங்கட்கிழமை கீழே இறங்கினது. அன்றைக்குப் பச்சைத் தண்ணீர். இதையும் சொன்னேன். ஏறும்போது வேலை செய்கிற ஹீட்டருக்கு இறங்கும்போது மட்டும் லீவா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். பிறகு உள்ளே வந்து, மெதுவாக, "நீங்க பயந்து பயந்து எனக்கும் ஒட்டி விட்டுருவீங்க" என்றான்.

(மாமா, அவருக்கு ஏற்கெனவே ஒட்டிருச்சு. ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சு வண்டியைப் போய்ப் பார்க்கிறார். - த.)

ஜனவரி 9, வெள்ளி

மத்தியானம் தவமணி துணி அலசப் போயிருந்தாள். பிள்ளை என் நெஞ்சில். அடுப்பில் விறகு தணிந்ததை நான் கவனிக்கவில்லை. பாதத்தைத் தொட்டேன், சில்லிப்பு. உள்ளங்கையைத் தொட்டேன், அதுவும். உதட்டோரம் நீலம். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.  எழுந்து நடந்தால் காற்றுப் படும் என்று நடக்கவும் பயம். தவமணி வரும்வரை அப்படியே உட்கார்ந்து என் மூச்சை அவள் தலையில் விட்டுக்கொண்டிருந்தேன்.

தவமணி வந்து தன் மேலில் போட்டுக்கொண்டாள். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, மேலே படாமல் பக்கத்தில் வைத்தோம். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். அப்படியே வைத்திருங்கள், பால் கொடுத்துப் பாருங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் சப்பினாள். உதடு சிவந்தது.

அந்தக் காலத்தில் மேட்டுப்பாளையத்தில் லாரியில் ஏறும்போது அவளும் சூடாகத்தான் இருந்தாள். சிலோனில் இருந்து வந்து மண்டபம் முகாமில் கிடந்த எங்களை ரயிலில் கொண்டுவந்து இறக்கி, மலைக்கு லாரியில் ஏற்றினார்கள். மேலே மூடாத லாரி. இருபத்திரண்டு குடும்பம். என் பெண்சாதி செல்லாயி தன் சேலையில் பாதியை அவிழ்த்து அவளைச் சுற்றினாள். குன்னூருக்கு மேலே "கால் சில்லுன்னு இருக்குங்க" என்றாள். எல்லோருமாகக் கத்தினோம். மேலே கத்துவது டிரைவருக்குக் கேட்கவில்லை.

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

(இது யார் மாமா என்று கேட்டேன்.  விறகு பிளக்கப் போய்விட்டார். - த.)

ஜனவரி 10, சனி

ஊட்டியில் இருந்து மெக்கானிக் போஜன் வந்தார். பக்கத்துப் படுகர் ஹட்டிக்காரர், ரவீந்திரனைவிட மூத்தவர். வேலையை விடவும் வாய் கூடுதல். வந்ததும் என்னைப் பார்த்து, "பெரியவரே, கொள்ளுப்பேத்தியைப் பொண்ணு கேக்க வந்திருக்கேன், எங்க வீட்டுல ஒரு பையன் இருக்கான்" என்றார். பேத்தி என்று திருத்தினேன். அப்படியென்றால் இன்னும் அவசரம் இல்லை என்றார்.

ஹீட்டருக்குப் போகிற இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்தார். இரண்டிலும் ஒரே சூடு. ஆகவே அடைப்பு இல்லை, காத்தும் இல்லை என்றார். பிறகு எஞ்சினை ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ரேடியேட்டரின் மேல் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். "ரவி, இது எப்பப் பாரு ஓடிக்கிட்டே இருக்கு. இப்படி இருக்கக்கூடாதே" என்றார்.

அவர் சொன்னது எனக்கு விளங்கின மட்டும் இதுதான். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே வாசற்கதவு மாதிரி ஒரு சின்ன வால்வு உண்டு. தெர்மோஸ்டாட் என்று பெயர். எஞ்சின் சூடேறும் வரை சாத்தியே இருக்கும். சூடேறின பிறகுதான் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அதுவரை அந்த மேல் குழாய் சில்லென்று இருக்க வேண்டும். இதில் முதல் நிமிஷத்தில் இருந்தே தண்ணீர் ஓடுகிறது. இரண்டு போல்ட்டைக் கழற்றினார். உள்ளே விரலைவிட்டுச் சுற்றினார். ஒன்றுமில்லை. கதவு இல்லாத வாசல்.

ரவீந்திரன் மாசிலாமணிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். அவர் கோபப்படவில்லை. நல்லது செய்தவன் குரலில் பேசினார்.

"அதை நான்தான் தம்பி எடுத்தேன். இங்க வர்ற எல்லா வண்டியிலயும் எடுத்துருவோம். அது இருந்தாத்தான் சிக்கும், வண்டி கொதிக்கும். எங்கப்பா காலத்துலருந்து இதான் பழக்கம். ஏன், வண்டி ஹீட் ஆகுதா?"

"இல்லண்ணே."

"அப்புறம் என்ன?"

 போஜன் போனை வாங்கி, "அண்ணாச்சி, எங்க ஊர்ல குளிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு ஹீட்டர் என்றால் ஏசிக்கு அண்ணன் என்று நினைப்பு என்றார்.

ஏறும்போது எஞ்சின் மூச்சுவாங்கி உழைக்கிறது, அதனால் கொஞ்சம் சூடு தேறுகிறது. இறங்கும்போது அதற்கு வேலையே இல்லை, இருக்கிற சூட்டையும் ரேடியேட்டர் விசிறிக் கொட்டிவிடுகிறது. நான் வியாழக்கிழமை சொன்னதை ரவீந்திரன் இப்போது நினைத்திருப்பான். என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் அவன் பார்க்க வேண்டும் என்று இல்லை. நாங்கள் போக வேண்டியது முழுக்க இறக்கம்.

பாதம் சூடு. ஏழு தடவைதான் குடித்தாள்.

ஜனவரி 11, ஞாயிறு

அந்த வால்வு ஊட்டியில் இல்லை. பழைய வண்டி, கோயம்புத்தூரில்தான் கிடைக்கும். வேறு மாடலைப் போட்டால் வாய் பொருந்தவில்லை. பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தி, நாளைக்கு அனுப்பினாலும் செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வரும். பொங்கல் லீவுக்கு வந்த கூட்டத்தில் ஊட்டி டாக்சி அநேகமாக எதுவும் காலி இல்லை, இருக்கிற இரண்டொன்றில் ஹீட்டரே கிடையாது. பஸ் கூடவே கூடாது, கூட்டத்தில் இருமுகிறவன் ஒருவன் போதும் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருக்கிறார்.

ஒரு வாரம் தள்ளிப் போகலாம் என்று நான் சொன்னேன். வால்வு வரட்டும், மாட்டட்டும், போகலாம். தவமணி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். ஒரு வாரம் தள்ளக்கூடாதாம். அந்த நரம்பு இப்போதுதான் முறுக்கிக்கொள்கிற நேரமாம். ஒரு வாரத்தில் பார்வை போன பிள்ளைகள் உண்டாம்.

நான் விடவில்லை. "கண்ணு இல்லாம பிழைச்சவங்களை நான் பாத்திருக்கேன். சூடு இல்லாம பிழைச்ச பிள்ளையைப் பாக்கலை."

அதற்குத் தவமணி

ஜனவரி 12, திங்கள்

நேற்று அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்றைக்கு மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள், பிள்ளையைக் கொடுக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு வந்து உட்கார்ந்தாள். "அந்த லாரிப் புள்ளைக்கு என்ன பேரு மாமா?" என்று கேட்டாள். சொன்னேன். என் மூத்த மகள், அந்தப் பெயரை எழுத வேண்டாம் என்றேன். இந்தத் தடவை எழுதவில்லை.

"அவளைக் காப்பாத்த ஒரு வழியும் உங்களுக்குக் கிடைக்கலை. எனக்கு நாளைக்கு ஒரு வழி இருக்கு. போகாம இருந்துட்டு, நாளைக்கு இவ 'அம்மா, உன் முகம் எப்படி இருக்கும்'னு என்னையே கேட்டா நான் என்ன சொல்ல?"

 போகலாம் என்று தலையாட்டினேன். சம்மதத்தில் ஆட்டவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் பள்ளம்.

சாயங்காலம் போஜன் திரும்ப வந்தார். கையில் வெறும் அட்டை. டிவி வந்த பெட்டி. அதை அளந்து கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் செருகினார். காற்றுப் படாவிட்டால் தண்ணீர் ஆறாது, எஞ்சின் சூடு எஞ்சினிலேயே நிற்கும், ஹீட்டர் சுடும். அவருடைய அப்பா லாரிக்குச் சாக்குக் கட்டுவாராம். கீழ் ரோடு வரைக்கும் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்து ரவீந்திரன் என் கையைப் பிடித்து இழுத்து அந்த ஓட்டையில் வைத்தான். சுட்டது. நிஜமாகவே சுட்டது.

ஆனால் அட்டை விளையாட்டு இல்லை என்றார் போஜன். குளிர் இருக்கும்வரைதான் அது தோழன். மலை முடிந்து வெக்கை தொடங்குகிற பர்லியாரில் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். நடுவில் வண்டி எங்காவது நின்றுகொண்டே ஓடினால் கொதித்துவிடும். கொதித்தால் இந்த எஞ்சின் இன்னொரு தடவை தாங்காது, நடு மலையில் நிற்கும். ரவீந்திரன் ரோட்டைப் பார்ப்பானா முள்ளைப் பார்ப்பானா? முள்ளைப் பார்க்கிற வேலை எனக்கு. மீட்டரில் இருக்கிற எழுத்து எனக்கு ஆகாது என்றேன். தவமணி தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கொடுத்தாள். போஜன் அதை மீட்டர் கண்ணாடியில் ஓர் இடத்தில் ஒட்டினார். முள் பொட்டைத் தொடக்கூடாது. தொட்டால் அட்டையை எடுக்க வேண்டும். பானெட்டைத் திறக்காமலே இழுக்கிற மாதிரி ஒரு கயிற்றை அட்டையில் கட்டி நுனியை வெளியே விட்டிருக்கிறார்.

பாதம் சூடு. நாளைக்கு.

ஜனவரி 13, செவ்வாய்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சொல்கிறேன். தவமணி நோட்டை மடியில் வைத்து எழுதுகிறாள், எழுத்து கோணலாக இருக்கும்.

இருட்டோடு புறப்பட்டோம். பிள்ளை தவமணியின் ரவிக்கைக்குள், மேலே கம்பளி, அதற்கு மேல் ரவீந்திரனின் ஜெர்க்கின். ஊட்டி வரைக்கும் முள் எழுந்திருக்க யோசித்தது. ஊட்டி தாண்டியதும் மெள்ள ஏறி, கீழ்க்கோட்டுக்கும் பொட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தது. வண்டிக்குள் சூடு. கண்ணாடி தெளிவு. ரவீந்திரன் ஒரு பாட்டை வாய்க்குள் முனக ஆரம்பித்தான். நான் அதட்டினேன். சந்தோஷப்படுகிற இடம் இது இல்லை என்று எனக்குத் தோன்றியது.

குன்னூர் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின கொஞ்சத்தில், முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. கேரட் லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. மூடுபனி, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்தினால் ஹீட்டர் நிற்கும். ஓடவிட்டால் முள் ஏறும். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு வர ரவீந்திரன் இறங்கி முன்னால் நடந்தான். பனிக்குள் மறைந்துவிட்டான்.

நான் முள்ளையே பார்த்தேன். நின்ற வண்டியில் முள் ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. இமை கொட்டிவிட்டுப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியிருக்கும். பொட்டுக்கு நகக்கண் அளவு இருக்கும்போது ஜன்னலை இறக்கி ரவீந்திரனைக் கூப்பிட்டேன். ஹாரன்களுக்கு நடுவில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முள் பொட்டைத் தொட்டது. தவமணி பின்னாலிருந்து, "மாமா, இறங்குங்க" என்றாள்.

இறங்கினேன். கதவைத் திறந்த வேகத்தில் குளிர் உள்ளே போயிருக்கும், அதை நினைத்துச் சாத்தினேன். வண்டிக்கு முன்னால் நின்று கயிற்றைத் தேடினேன். விரல் மரத்துப்போனது. கிடைத்தது. இழுத்தேன். வரவில்லை. அட்டை சூட்டில் இளகி ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டது. காலைப் பம்பரில் ஊன்றி, பலமெல்லாம் கூட்டி இழுத்தேன். கிழிந்துகொண்டு பாதி வந்தது, மல்லாந்து ரோட்டில் விழுந்தேன். மீதிப் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. பின்னால் நின்ற வேன்காரன் ஜன்னலை இறக்கி, குடித்திருக்கிறீர்களா தாத்தா என்று கேட்டான்.

திரும்ப ஏறி உட்கார்ந்தேன். முள் பொட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றது.  ஓட்டையில் கை வைத்தேன், இன்னும் சுட்டது. கொஞ்ச நேரத்தில் பொட்டின் இந்தப் பக்கம் முள் நுனி தெரிந்தது.

ரவீந்திரன் ஓடி வந்தான். என் முதுகெல்லாம் சேறு.  லாரி நகர்ந்ததும் வண்டியை எடுத்தான். பாதி அட்டையோடு முள் நடுவில் நின்றது. பர்லியாரில் பானெட்டைத் திறந்து மீதியை எடுத்தான். அங்கே பாக்குமரம், வெயில், வியர்வை. தவமணி கம்பளியை விலக்கிப் பாதத்தைத் தொட்டாள். என்னையும் தொடச் சொன்னாள். நான் தொடுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சூடு.

இப்போது பிள்ளையை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். இமையைக் கம்பியால் விரித்துப் பார்ப்பார்களாம், தாயைக்கூட விடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் அவள் அழுவது கேட்கிறது. அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். ரவீந்திரன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான், முகத்தைக் காட்டவில்லை.

டாக்டர் வந்தார். சின்னப் பெண். இரண்டு கண்ணிலும் நரம்பு மோசமாகியிருக்கிறது, நாளைக்கே லேசர் வைக்க வேண்டும் என்றார். வலது கண் தப்பிக்கும் என்றார். இடது கண்ணைப் பற்றித் தவமணி கேட்டாள். "வெச்சுப் பாப்போம்மா" என்றார். அடுத்த வாரம் வந்திருந்தால் என்று ரவீந்திரன் கேட்டான். அதற்கு டாக்டர் என்னைப் பார்த்தார், ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. "வந்துட்டீங்கல்ல" என்றார்.

ஜனவரி 14, புதன்

லேசர் வைத்தார்கள். கண் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. பார்க்க முடியவில்லை.

ஜனவரி 17, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ரவீந்திரன் கோயம்புத்தூரில் அந்த வால்வை வாங்கி அங்கேயே மாட்டிவிட்டான். உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைச் சாமான். வரும்போது ஹீட்டர் சுட்டது. மேட்டுப்பாளையத்தைத் தாண்டும்போது மாசிலாமணி பட்டறை திறந்திருந்தது. ரவீந்திரன் வண்டியை மெதுவாக்கினான், பிறகு விட்டுவிட்டான். அவர் வேறொரு வண்டிக்குள் தலையைவிட்டுக்கொண்டிருந்தார்.

பொங்கல் வைக்கவில்லை. போஜன் வீட்டில் இருந்து கொடுத்தனுப்பினார்கள்.

பாதம் சூடு. 

ஜனவரி 29, வியாழன்

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை திரும்பக் காட்டிவிட்டு வந்தோம். நரம்பு அடங்கியிருக்கிறதாம். பார்வை இருக்கிறதா என்று இப்போதே சொல்ல முடியாதாம். போகப் போக வெளிச்சத்தைப் பார்த்துக் கண் திரும்பும், அப்போது தெரியும் என்றார்கள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணுக்கு முன்னால் பளபளப்பாக எதையாவது ஆட்டிப் பார்க்க வேண்டுமாம்.

பிப்ரவரி 11, புதன்

வலது கண் வருகிறது. ரவீந்திரன் சாவிக்கொத்தை ஆட்டினான், அதன் பின்னாலேயே போனது. இடது கண்ணைச் சோதிக்கலாமா என்றான். பால் குடித்துவிட்டுத் தூங்கட்டும் என்றேன்.

பிப்ரவரி 18, புதன்

இன்றைக்கும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

(தூங்கவில்லை. - த.)

பிப்ரவரி 26, வியாழன்

பனி போய்விட்டது. காலை வெயில் ஜன்னல் வழியாகப் பாயில் விழுந்தது. தவமணி பிள்ளையை மடியில் வைத்து, என்னைக் கேட்காமலே அவள் வலது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். "ஆட்டுங்க மாமா" என்றாள். கையில் காப்பி குடித்த டம்ளர்தான் இருந்தது. எவர்சில்வர். வெயிலில் பிடித்தேன், மின்னியது.

பிள்ளையின் இடது கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் டம்ளரை மெள்ள இந்தப் பக்கம் நகர்த்தினேன். கண் கூரையிலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். டம்ளரைக் கொஞ்சம் திருப்பினேன், வெயில் பட்டுப் பளிச்சென்று மின்னியது. அப்போது அந்தக் கண் கூரையை விட்டது. தயங்கித் தயங்கி வந்தது. டம்ளர் இருக்கிற இடத்துக்கு வந்து நின்றது. நான் அந்தப் பக்கம் நகர்த்தினேன். அந்தப் பக்கம் வந்தது.

தவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இன்னொரு தடவை மாமா" என்றாள்.

நான் டம்ளரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கண்டது போதும், நாளைக்கும் ஆட்டமாட்டேன்.